சிங்கப்பூர் கண்ணாடிக் கூடத்தில் சக்குரா: எப்போது போவது, எதைப் பார்ப்பது

மார்ச் கடைசியில் பெற்றோர், குழந்தைகளோடு சிங்கப்பூர் போகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் இதுதான்: கரையோரப் பூந்தோட்டங்களில் (கார்டன்ஸ் பை த பே) கண்ணாடிக் கூடத்துக்குள் சக்குரா, அதாவது ஜப்பானியச் செர்ரி, பூத்திருக்கிறதாமே, அது நிஜ மரமா, எந்த நாளில் போனால் பூ நிறைந்திருக்கும், ஜப்பான் போக முடியாதவர்களுக்கு இது போதுமா?

நிஜ மரங்கள்தான். பிளாஸ்டிக் பூவும் இல்லை, கிளையில் கட்டிவிட்ட பூவும் இல்லை. ஃபிளவர் டோம் என்ற அந்தக் கூடத்தில் 2016-இல் முதன்முதலாகச் செர்ரி மலர்க் காட்சி வைத்தார்கள். வழக்கமாக மார்ச், ஏப்ரல் மாதங்களை ஒட்டி நான்கு வாரம் போல இருக்கும். தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், விமான டிக்கெட் எடுப்பதற்கு முன் தோட்டத்தின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நாளைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் காட்சி தொடங்கி நாலைந்து நாள் கழித்து, இரண்டாம் வாரம் முடிவதற்குள், ஒரு வார நாளில், காலை 9 மணிக்குக் கதவு திறக்கும்போதே போங்கள். ஏன் அப்படி என்பது இந்த மரம் எப்படிப் பூக்கிறது என்று தெரிந்தால்தான் புரியும். அது தெரிந்துவிட்டால் தேதியை நம்பிப் போய் ஏமாறவும் மாட்டீர்கள்.

செர்ரி மரம் அடுத்த வசந்தத்துக்கான பூமொட்டை முந்தைய கோடையிலேயே உருவாக்கிவிடுகிறது. இலையுதிர் காலம் வந்ததும் அந்த மொட்டு உறங்கிப்போகும். இந்த உறக்கத்தை வெயிலால் கலைக்க முடியாது, குளிரால்தான் கலைக்க முடியும். ஜப்பானில் எங்கும் காணப்படும் சோமெய் யோஷினோ வகைக்கு ஏறக்குறைய 5 டிகிரி செல்சியஸ் குளிர் இரண்டு மாதம் போல வேண்டும். குளிர் போதுமான அளவு சேர்ந்த பிறகு வருகிற வெப்பம்தான் மொட்டை விரியவைக்கிறது. முதலில் குளிர், பிறகு வெப்பம் என்ற இந்த வரிசை மாறக் கூடாது. நம் ஊர் மாமரம் மார்கழி, தை மாதத்து இரவுக் குளிரில் பூ எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். செர்ரிக்கு வேண்டிய குளிர் அதைவிடப் பல மடங்கு கடுமையானது, பல மடங்கு நீளமானது.

சிங்கப்பூரில் விடியற்காலையில்கூட 24, 25 டிகிரிக்குக் கீழே வெப்பம் இறங்குவது அரிது. அங்கே திறந்த வெளியில் இந்த மரத்தை நட்டால் மொட்டுகளின் உறக்கம் சரியாகக் கலையாது. சில கிளைகளில் நாலு பூ, சிலவற்றில் வெறும் இலை, சிலவற்றில் ஒன்றுமே இல்லை என்று தாறுமாறாகத் துளிர்த்து, ஓரிரு ஆண்டில் மரம் நலிந்துவிடும். சிங்கப்பூரில் யாராவது வீட்டு வாசலில் சக்குரா வைக்கலாமா என்று கேட்டால் இதுதான் பதில்.

அப்படியானால் உள்ளே மட்டும் எப்படிப் பூக்கிறது? உறக்கத்தில் இருக்கும் மரத்தை வேர்மண் கட்டியோடு அல்லது தொட்டியோடு எடுத்து, குளிர்பதனம் செய்த பெட்டகத்தில் கொண்டுவருவார்கள். வழியில் வெப்பம் ஏறிவிடக் கூடாது. ஏறினால் மொட்டு பாதியில் விழித்துக்கொள்ளும். குளிர் ஏற்கெனவே போதுமான அளவு கிடைத்த மரமாக வாங்கலாம், அல்லது குளிர் அறையில் வைத்து மீதிக் குளிரைக் கொடுக்கலாம். பிறகு வெளியே எடுத்தால் இரண்டு, மூன்று வாரத்தில் பூக்கும். எல்லா மரத்தையும் ஒரே நாளில் எடுத்தால் எல்லாம் ஒரே வாரத்தில் கொட்டிவிடும் என்பதால் தவணை தவணையாக எடுப்பார்கள். இதில் தவறு நடக்கும் இடங்கள் மூன்று. குளிர் குறைந்தால் பூ திட்டுத்திட்டாக வரும். திடீரென்று அதிக வெப்பத்தில் வைத்தால் இதழ் சிறுத்து, இளஞ்சிவப்பு நிறம் ஏறாமல் வெளிறிப்போகும். இதழுக்கு நிறம் தரும் பொருள் வெப்பத்தில் சரியாக உருவாவதில்லை. வேர்மண் ஒருநாள் காய்ந்தாலும் மொட்டு விரியாமலே உதிரும். ஒரு காட்சியில் ஒன்றிரண்டு மரம் மட்டும் வழுக்கையாக நிற்பதைப் பார்த்தால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம்.

திறப்பு நாளிலேயே ஓட வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். விரிந்த பூவோடு மரத்தைத் தூக்கிவந்து நட்டால் இதழ் அடிபடும். அதனால் மொட்டு நிலையிலேயே இடம் பெயர்த்து வைப்பதுதான் முறை. முதல் சில நாட்களில் மொட்டு மிகுந்திருக்கலாம். கடைசி வாரத்திலோ புதிதாக மாற்றிவைத்த மரங்களுக்கு நடுவில் இலை வந்த மரங்களும் கலந்து நிற்கும்.

அந்தக் கூடத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2012-இல் திறக்கப்பட்ட ஃபிளவர் டோமின் பரப்பு 1.2 ஹெக்டேர், உயரம் 38 மீட்டர், கண்ணாடிப் பலகைகள் 3,332. உலகின் மிகப் பெரிய கண்ணாடிப் பசுமை இல்லம் என்று 2015-இல் கின்னஸ் பதிவு பெற்றது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், வெயில் கொளுத்தும் ஊரில், கண்ணாடியால் ஒரு மாளிகை கட்டி அதைக் குளுமையாக வைத்திருப்பது சாதாரணக் காரியமில்லை. வெளிச்சத்தை உள்ளே விட்டு வெப்பத்தில் பெரும்பகுதியைத் தடுக்கும் பூச்சுக் கண்ணாடி, வெயில் ஏறினால் விரிந்து நிழல் தரும் திரைகள், தரைக்குள் ஓடும் குளிர்நீர்க் குழாய்கள் ஆகிய மூன்றும் சேர்ந்து இதைச் செய்கின்றன. 38 மீட்டர் உயரம் முழுவதையும் அவர்கள் குளிர்விப்பதில்லை. ஆட்களும் செடிகளும் இருக்கும் அடிமட்டத்தில் மட்டும் குளிர்காற்றை மெல்ல விடுகிறார்கள். சூடான காற்று தானாக மேலே போய்த் தங்குகிறது. காற்றிலுள்ள ஈரத்தைத் தனியாக உறிஞ்சி எடுத்துவிட்டுப் பிறகு குளிர்விப்பதால் மின்சாரச் செலவும் குறைகிறது. சிங்கப்பூரின் சாலையோர மரங்களைக் கழிக்கும்போது சேரும் கிளை, இலைக் கழிவை எரித்து இதற்கான ஆற்றலில் ஒரு பங்கை எடுக்கிறார்கள். செர்ரி பார்க்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் தலையைத் தூக்கி இந்தக் கூரையையும் பார்க்க வேண்டும்.

உள்ளே பகல் வெப்பம் 23 முதல் 25 டிகிரி. மனிதருக்கு இது சுகம், செர்ரிப் பூவுக்கு இது அதிகம். டோக்கியோவில் 1991 முதல் 2020 வரையான சராசரிப்படி முதல் பூ விரிவது மார்ச் 24, முழுப் பூப்பு மார்ச் 31. வசந்தக் குளிரில் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு நடக்கும் அந்தப் பயணம் கூடத்துக்குள் சில நாட்களில் முடிந்துவிடுகிறது. அதனால் ஒரு மரத்தின் உச்சம் இங்கே குறுகியது. போன வாரம் போட்ட படத்தை நம்பி இந்த வாரம் போகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். சமூக ஊடகத்தில் பார்ப்பதென்றால் கடைசி இரண்டு நாளுக்குள் எடுத்த படங்களை மட்டும் பாருங்கள்.

படத்தில் என்ன பார்ப்பது? பூவின் நடுப்பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். சோமெய் யோஷினோ புதிதாக விரிந்திருக்கும்போது நடுவில் வெளிர் பச்சையாகவோ வெள்ளையாகவோ இருக்கும். நாளாக ஆக நடுப்பகுதி சிவக்கும். நடுவில் சிவப்பு தெளிவாகத் தெரிந்தால் அந்தப் பூ உதிரும் தறுவாயில் இருக்கிறது. தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு மரம் முன்பைவிட அழகாகச் சிவந்ததுபோல் தோன்றும். உண்மையில் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ கொட்டிவிடும். எடுத்த படங்களில் பெரும்பாலானவை நடுச் சிவந்த பூக்களாக இருந்தால், மரம் மாற்றும்வரை இரண்டு மூன்று நாள் பொறுத்துப் போவது நல்லது.

எல்லா வகையும் ஒரே மாதிரி இருக்காது. காட்சியில் வைக்கும் வகைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் மரத்தடியில் உள்ள பெயர்ப்பலகையைப் படியுங்கள். சோமெய் யோஷினோவுக்கு ஐந்து இதழ், இலை வருவதற்கு முன்னால் பூ, கிட்டத்தட்ட வெள்ளை. இது முழுக்க ஒட்டுக் கட்டியே பெருக்கப்பட்ட வகை. உலகில் இந்தப் பெயரில் நிற்கும் மரங்கள் மரபணுவால் ஒன்றே. ஜப்பானில் ஓர் ஊர் முழுவதும் ஒரே வாரத்தில் பூப்பதற்கு அதுவே காரணம். கான்சான் வகை அடுக்குப் பூ, இருபது இதழுக்கு மேல் இருக்கும், அடர்ந்த இளஞ்சிவப்பு, தாமதமாகப் பூப்பது. அதற்குப் பூவோடு சேர்ந்தே செம்பு நிற இளந்தளிர் வரும். தளிரைப் பார்த்துவிட்டு, பூக்காலம் முடிந்துவிட்டது என்று பலர் திரும்பிப் போகிறார்கள். அது அந்த வகையின் இயல்பு. அடுக்குப் பூக்கள் ஒற்றைப் பூக்களைவிடக் கூடுதல் நாள் கிளையில் நிற்கும் என்பதால், உங்களுக்குக் கடைசி வாரம்தான் கிடைக்கும் என்றால் கான்சான் போன்ற மரங்களின் பக்கம் முதலில் போங்கள். கிளைகள் தொங்கிக்கொண்டிருப்பவை ஷிதாரே வகைகள். குழந்தைகளின் உயரத்துக்குப் பூ இறங்கி வருவதால் அவர்களுக்கு இவைதான் பிடிக்கும்.

செர்ரி என்று நினைத்து வேறு மரத்தின் முன் நின்று படமெடுத்துக்கொள்வதும் நடக்கிறது. பீச், பிளம் மரங்களும் கூடத்தில் சில காலங்களில் இருக்கும். செர்ரியின் இதழ் நுனியில் சிறு வெட்டு இருக்கும். ஒரே மொட்டிலிருந்து நீளக் காம்போடு பல பூக்கள் கொத்தாக வரும். பிளம் வகையான உமே கிளையோடு ஒட்டினாற்போல் பூக்கும், இதழ் உருண்டை. பீச்சின் இதழ் நுனி கொஞ்சம் கூரானது. அடிமரத்தைப் பார்த்தாலும் தெரிந்துகொள்ளலாம். செர்ரியின் பட்டையில் குறுக்குக் கோடுகள் வரிவரியாக ஓடும்.

மணத்தை எதிர்பார்க்காதீர்கள். மல்லியும் முல்லையும் பழகிய மூக்குக்கு இது மணமே இல்லாத பூவாகத்தான் படும். சக்குரா வாசனை என்று ஜப்பானிய இனிப்புகளில் வருவது, உப்பில் ஊறவைத்த செர்ரி இலையிலிருந்து எழும் வாசனை. பூமழை பொழியும் காட்சியையும் எதிர்பார்க்க வேண்டாம். உள்ளே காற்றடிப்பதில்லை, இதழ்கள் நேராக மரத்தடியில் விழும், பணியாளர்கள் அவ்வப்போது கூட்டிவிடுவார்கள். இதழ் கொட்டட்டும் என்று கிளையை உலுக்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். செர்ரி பூப்பது கட்டையான சிறு குறுங்கிளைகளில். அதே குறுங்கிளை பல ஆண்டுகள் பூ தரும். அது முறிந்தால் போவது இந்த ஆண்டின் பூ மட்டுமல்ல. படத்துக்காகக் கிளையை முகத்தருகே இழுப்பதும் இதே சேதத்தைத்தான் செய்கிறது. கிளை வராவிட்டால் நீங்கள் கிளையிடம் போங்கள்.

இனி போகும் வழி. பேஃபிரண்ட் ரயில் நிலையத்தில் இறங்கி பி வாயில் வழியாகச் சுரங்க நடைபாதையில் வந்து, பாலத்தைக் கடந்தால் தோட்டம். அங்கிருந்து கண்ணாடிக் கூடங்கள் வரை ஒரு நல்ல நடை இருக்கிறது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு கட்டண வண்டி ஓடுகிறது, அதில் ஏற்றிவிடுங்கள். தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் தடத்தில் தோட்டத்தின் பெயரிலேயே ஒரு நிலையம் 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. அந்தத் தடத்தில் தங்கியிருப்பவர்களுக்கு அது வசதி. தோட்டத்தின் வெளிப்பகுதிக்குக் கட்டணமில்லை, கண்ணாடிக் கூடங்களுக்கு மட்டும்தான். ஃபிளவர் டோமுக்குத் தனியாகவும், பக்கத்திலுள்ள கிளவுட் ஃபாரஸ்ட் கூடத்தோடு சேர்த்தும் சீட்டு உண்டு. உள்ளூர்வாசிகளுக்குக் கட்டணம் குறைவு, ஆனால் அடையாள அட்டை காட்ட வேண்டும். சிங்கப்பூர் உறவினர் தன் பெயரில் எல்லாருக்கும் உள்ளூர் சீட்டு வாங்கிவைத்தால் வாசலில் சிக்கல்தான். சீட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்குங்கள். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காகக் கூடத்தை மூடுவார்கள், அந்தத் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச் நடுவில் சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு ஒரு வார விடுமுறை. அந்த வாரமும், எல்லாச் சனி ஞாயிறும், புனித வெள்ளியும் நெரிசல் மிகுந்தவை. வார நாள் காலை 9 முதல் 10:30 வரை கிடைக்கும் இடைவெளி வேறு எந்த நேரத்திலும் கிடைக்காது. கூடம் இரவு 9 மணி வரை திறந்திருக்கும். காலை முடியாதவர்களுக்கு அடுத்த நல்ல நேரம் மாலை 6 மணிக்குப் பிறகு.

நுழைவாயில் மேல்தளத்தில் இருக்கிறது. உள்ளே போனதும் கீழே இறங்க அவசரப்பட வேண்டாம். காட்சி அமைப்பது நடுவில் பள்ளமாக இருக்கும் மலர்த் திடலில். அதன் முழு அமைப்பும் மேலிருந்து பார்த்தால்தான் தெரியும், மரங்களின் உச்சிப் பூவும் மேலிருந்துதான் கண்ணுக்கு நேராக வரும். ஒருமுறை விளிம்பில் நின்று எந்த மரம் புதிதாகப் பூத்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு, பிறகு கீழே இறங்கி நேராக அங்கே போங்கள். கூட்டம் முதலில் கண்ணில் படும் மரத்தடியில்தான் தேங்கும். சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும் மின்தூக்கி உண்டு. திடலைச் சுற்றியுள்ள பெருக்க மரங்களையும் (பாவோபாப்) ஆலிவ் மரங்களையும் திரும்பும்போது பார்க்கலாம். இரண்டு கூடத்துக்கும் சீட்டு இருந்தால் ஃபிளவர் டோமை முதலில் முடியுங்கள். கிளவுட் ஃபாரஸ்ட் ஈரமும் மூடுபனியும் நிறைந்தது. நனைந்த உடையோடு குளுமையில் இரண்டு மணி நேரம் நிற்பது பெரியவர்களுக்கு ஆகாது. 24 டிகிரி என்பது எண்ணாகப் பார்த்தால் குளிரில்லை. ஆனால் வெளியே 31 டிகிரியில் வியர்த்துவிட்டு உள்ளே போனால் வியர்வை காயும்போது நடுக்கம் எடுக்கும். பெரியவர்களுக்கும் கைக்குழந்தைக்கும் ஒரு மெல்லிய சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

படம் எடுப்பவர்களுக்கு. மார்ச் 20-ஐ ஒட்டிய நாட்களில் சிங்கப்பூரில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அங்கே நண்பகல் என்பது கடிகாரத்தில் ஒரு மணி கடந்து பத்து நிமிடம். 12 முதல் 2 வரை கண்ணுக்கடியில் கருநிழல் விழும், கூரையின் இரும்புச் சட்டங்களின் நிழல் பூவின் மேல் கோடு போடும். காலை வெளிச்சம் பக்கவாட்டில் வருவதால் இதழ் ஊடுருவி ஒளிரும். வெளிறிய பூவையும் பின்னாலுள்ள பிரகாசமான கண்ணாடியையும் பார்த்துவிட்டு கேமரா படத்தை இருட்டாக்கும், அதனால் ஒளியளவை முக்கால் முதல் ஒரு படி வரை கூட்டிவையுங்கள். அகலக் கோணத்தில் எடுத்தால் இரும்புச் சட்டமும் கூட்டமும் சேர்ந்து வரும். கைபேசியில் இரண்டு மடங்கு உருப்பெருக்கத்தில், கொஞ்சம் தள்ளி நின்று, சற்றே மேலிருந்து கீழ்நோக்கி எடுத்தால் பின்னணி முழுவதும் பூவாக நிறையும். மாலை ஏழேகாலுக்கு மேல் வண்ண விளக்குகள்தான். பூவின் உண்மையான நிறம் அப்போது படத்தில் வராது.

கேமரா லென்ஸும் மூக்குக்கண்ணாடியும் மங்குவது உள்ளே நுழையும்போது என்று பலர் நினைக்கிறார்கள். வெளியே வரும்போதுதான் மங்கும். உள்ளே குளிர்ந்துபோன லென்ஸின் மேல் வெளிக்காற்றின் ஈரம் படியும். கிளம்புவதற்கு முன்பே கேமராவை மூடிய ஜிப் பையில் போட்டு, வெளியே வந்து பதினைந்து இருபது நிமிடம் கழித்துத் திறவுங்கள். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் வாசலில் படி இறங்குமுன் ஒரு கணம் நின்று துடைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் தடுமாறுவது அந்த இடத்தில்தான்.

ஜப்பானுக்கு இது ஈடாகுமா என்றால், ஆகாது. ஆற்றங்கரை முழுவதும் ஒரே வாரத்தில் வெளுத்து நிற்பதும், காற்றில் இதழ் பறப்பதும் கூடத்துக்குள் நடக்காது. ஆனால் பல வகைகளை அருகருகே, கைக்கெட்டும் உயரத்தில், பெயர்ப்பலகையோடு, மழை வருமோ என்ற கவலையின்றி பார்ப்பதற்கு இதைப்போல் வசதியான இடம் இல்லை. குளிர் தாங்காத பெற்றோரோடு போகிறவர்களுக்கு நான் தயங்காமல் இதைச் சொல்வேன். இந்தியாவிலேயே திறந்த வெளியில் பார்க்க வேண்டுமென்றால் ஷில்லாங் இருக்கிறது. இமயமலைக் காட்டுச் செர்ரி அங்கே நவம்பரில் பூக்கிறது. 2016 முதல் விழாவும் எடுக்கிறார்கள். சிங்கப்பூர்ச் சாலையோரங்களில் வறண்ட சில வாரங்களுக்குப் பின் மழை பெய்ததும் இளஞ்சிவப்பாகப் பூத்துக் குலுங்குவது செர்ரி அல்ல, வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த தபேபுயா. பெரும்பாலும் அதுவும் மார்ச், ஏப்ரலில்தான் வரும். கூடத்துக்குப் போகும் வழியில் கண்ணில் பட்டால் இறங்கிப் பாருங்கள், அதற்குச் சீட்டு வேண்டாம்.

மாலையில் போகிறவர்கள் ஏழு மணிக்குள் கூடத்தை முடித்துக்கொண்டால் 7:45-க்கு தோட்டத்திலுள்ள சூப்பர் ட்ரீ என்ற செயற்கை மரங்களின் இலவச ஒளிக்காட்சிக்குப் போய்விடலாம். அது தவறினால் 8:45-க்கு மறுபடி உண்டு. கூடத்துக்குள் உணவு உண்ணக் கூடாது என்பதால் குழந்தைகளுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். சைவச் சாப்பாடு தேடுகிறவர்கள் தோட்டத்துக்குள் அலைய வேண்டாம். பேஃபிரண்டிலிருந்து டவுன்டவுன் தடத்தில் நான்காவது நிறுத்தம் லிட்டில் இந்தியா, வண்டி மாற வேண்டியதில்லை.